ஒரு வாத்தியார் தேடிய படலம்

மைனஸ் ஒன்று.

நான் எழுதிய முதல் மாக் டெஸ்டில் டி.ஐ.எல்.ஆர். பகுதிக்கு வந்த மார்க் இது. கம்மி மார்க் எனக்குப் புதுசில்லை. முட்டைகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் பரீட்சை வைத்தவனுக்கே நான் ஒரு மார்க் பாக்கி வைத்தது 2024 ஜூன் மாசத்தில்தான். 9 கேள்வி தொட்டேன். 2 சரி, 7 தப்பு. சரிக்கு 3 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிவு. ஆறில் ஏழு போனால் என்ன என்று பி.காம். படிக்கிறவனுக்குத் தெரியாதா :-)

கேட் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது மாமா ஒருவர், "அது இன்ஜினியரிங் பசங்க எழுதறதாச்சேடா?" என்றார். அது வேற கேட் மாமா. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான், நான் என்ன செய்ய? இது ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. சேர எழுதுகிற கேட். எங்கள் திருச்சியிலேயே 2011ல் இருந்து ஒரு ஐ.ஐ.எம். இருக்கிறது. புதுக்கோட்டை பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த போர்டைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

விஷயம் தெரியாதவர்களுக்கு சின்ன அறிமுகம். இந்தத் தேர்வில் மூன்று பகுதி. இங்கிலீஷ், கணக்கு, நடுவில் இந்த டி.ஐ.எல்.ஆர். அட்டவணை, வரைபடம், புதிர் எல்லாம் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். முன்பு பாதி கணக்கோடும் பாதி இங்கிலீஷோடும் ஒட்டிக்கொண்டிருந்ததை 2015ல் தனிப் பகுதியாக்கினார்கள். 2020ல் மொத்த நேரத்தை 2 மணி நேரமாகக் குறைத்து, பகுதிக்கு 40 நிமிஷம் என்று வைத்தார்கள். அந்த 40 நிமிஷம் முடிகிறவரை அடுத்த பகுதிக்குத் தாவ முடியாது. உள்ளே உட்கார்ந்து அடி வாங்கியே ஆகவேண்டும்.

இதில் பெரிய கொடுமை, இதற்கு சிலபஸ் கிடையாது. ஃபார்முலா கிடையாது. ஸ்கிரீனிலேயே கால்குலேட்டர் வேறு கொடுத்துவிடுகிறார்கள். ஒருத்தன் கால்குலேட்டரையும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிறான் என்றால், வில்லங்கம் கூட்டல் கழித்தலில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

காமர்ஸ் பசங்களுக்கு அட்டவணை புதுசா, மூணு வருஷமா பேலன்ஸ் ஷீட் போடுறோமே என்றுதான் நானும் நினைத்தேன். பேலன்ஸ் ஷீட் கணக்கில் தேவையான எண் எல்லாம் கேள்வியிலேயே இருக்கும், எடுத்து சரியான இடத்தில் வைத்தால் போதும். இங்கே பாதிக் கட்டம் காலி. பக்கத்தில் "மூன்றாமவர் இரண்டாமவரைவிட அதிகம் விற்றார், ஆனால் யாரும் 40ஐத் தாண்டவில்லை" என்கிற மாதிரி நாலு வரி. அதை வைத்துக் காலிக் கட்டத்தை நாம் நிரப்ப வேண்டும். நான் நிரப்பினேன். மைனஸ் ஒன்று.

சரி, ஒரு வாத்தியார் பிடிக்கலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு கோச்சிங் சென்டர். பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், டெமோ கிளாஸ், சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள். அந்த சார் ஒரு புதிரை 3 நிமிஷத்தில் போட்டுக் காட்டினார். ஹாலே கை தட்டியது, நானும்தான் தட்டினேன். ஃபீஸ் 42,000. "இன்னிக்கு 10,000 கட்டினா சீட் உறுதி, நாளைக்கு ஃபீஸ் ஏறிடும்" என்றார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். மாசம் ஆயிரம் வீதம் திருப்ப வேண்டிய கடன்.

மூன்று வாரம் போனேன். தினமும் ஒரு புது வகைப் புதிர், அதற்கு ஒரு ஷார்ட்கட். வட்டமாக உட்கார்ந்தால் இது, வரிசையாக உட்கார்ந்தால் அது. நோட்டில் 31 ஷார்ட்கட் சேர்ந்தது. அடுத்த மாக் டெஸ்டில் வந்த நாலு செட்டும் அந்த 31ல் எதிலும் அடங்கவில்லை. "சார், இது எந்த வகை?" என்று கேட்டேன். "இது கொஞ்சம் டஃப் செட்டுப்பா, ஸ்கிப் பண்ணிடு" என்றார். நாலுமே டஃப் என்றால் நான் எதை சார் ஸ்கிப் பண்ணுவேன்? மீதிப் பணம் கட்டாமல் நின்றுவிட்டேன். அட்வான்ஸ் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கிளாஸ் நேரத்துக்குக் கிளம்பி லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது ஆன்லைனில் ஒருவர், மணிக்கு 700 ரூபாய். நல்ல மனுஷன், அழகாகச் சொல்லித் தந்தார். அவர் போடும்போது எல்லாமே புரிந்தது. லேப்டாப்பை மூடினால் ஒன்றும் வரவில்லை. ஒருத்தர் நீச்சலடிப்பதை மணிக்கணக்கில் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது நாலு கிளாஸ் முடிந்து 2,800 ரூபாய் போன பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது, நண்பனின் அண்ணன். இன்ஜினியரிங் படித்தவர், அவர் வருஷத்தில் 98க்கு மேல் பர்சென்டைல். காசு வேண்டாம் என்றார், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன். கேள்வியைப் பார்த்தார், பத்து வினாடி கூரையைப் பார்த்தார், விடையைச் சொன்னார். எப்படிண்ணே என்றால், "பார்த்தாலே தெரியுதுல்லடா?" என்றார். பார்த்தாலே தெரிகிறவர்களிடம் படிப்பது ரொம்பக் கஷ்டம். எனக்கு எங்கே தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் வழி சொன்னது ஜெராக்ஸ் கடை அண்ணன். பழைய கேள்வித்தாள்களை நான் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "பொன்மலையில ஒரு ரயில்வே சார் இருக்காரு தம்பி. ரிட்டயர்டு. ஆர்.ஆர்.பி. எழுதற பசங்களுக்கு ரீசனிங் எடுக்கறாரு. போய்ப் பாரேன்" என்றார். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ரயில்வே பரீட்சை எங்கே, ஐ.ஐ.எம். எங்கே என்கிற திமிர்தான். ஆனாலும் போனேன். வேறு வழி இல்லை, கையில் காசும் இல்லை.

வேப்பமரத்தடி வீடு, திண்ணையில் நாலு பெஞ்ச். கேள்வித்தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் படித்தார்.

"இது எனக்குத் தெரியாது" என்றார்.

பகீரென்றது. ஆனால் இரண்டு மாசத்தில் ஒரு வாத்தியார் வாயிலிருந்து இந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"பதினஞ்சு நாள் டயம் குடு. பழசெல்லாம் குடுத்துட்டுப் போ, நான் போட்டுப் பாக்கறேன். வந்தா சொல்லித் தர்றேன். வரலைன்னா வரலைன்னு சொல்லிடறேன். மாசம் 600. காலைல ஆறரைக்கு வரணும். ஆறு முப்பத்தஞ்சுக்கு வந்தா திரும்பிப் போயிடணும்."

பதினைந்தாம் நாள் போனேன். 2017ல் இருந்து 2023 வரை ஏழு வருஷத்துத் தாளும் பென்சிலில் போட்டு வைத்திருந்தார். வராத செட்டுக்கெல்லாம் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன், கேள்விக்குறிகள் கம்மி இல்லை.

முதல் நாள் அவர் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. நான் ஒரு தாள் போட வேண்டும், போடும்போது மனசில் ஓடுவதை வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அவர் எதிரில் ஒரு கிராஃப் பேப்பரோடு உட்கார்ந்து ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். 40 நிமிஷம் முடிந்ததும் பீரோவிலிருந்து ஒரு பழைய காகிதச் சுருளை எடுத்து விரித்தார். கன்ட்ரோல் சார்ட். அவர் ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்தவர். எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி நிற்க வேண்டும், எது முன்னால் போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து முடிவு செய்கிற வேலை. இப்போது கம்ப்யூட்டர் போடுகிற சார்ட்டை அப்போது கையால் போட்டிருக்கிறார்கள்.

படுக்கை வாட்டில் நேரம். மேலிருந்து கீழே ஸ்டேஷன் பெயர்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. எக்ஸ்பிரஸ் கோடு செங்குத்தாக இறங்கும், கூட்ஸ் கோடு சாய்ந்து சாய்ந்து போகும். வண்டி ஸ்டேஷனில் நின்றால் கோடு படுத்துவிடும்.

"சிங்கிள் லைன். எதிரும் புதிருமா ரெண்டு வண்டி. ரெண்டு கோடும் எங்க வெட்டிக்கணும்?"

"ஸ்டேஷன்ல சார்."

"ஸ்டேஷனுக்கு நடுவுல வெட்டிக்கிட்டா?"

நான் பதில் சொல்லவில்லை.

"அது நடக்காம பாத்துக்கத்தான் எனக்கு சம்பளம் குடுத்தாங்க. எல்லா வண்டியையும் டயத்துக்கு விடணும்னு ஆசைப்பட்டா எல்லாம் லேட்டாகும். எந்த வண்டிய லூப்புல நிறுத்தி வெக்கலாம்? மொதல்ல அத முடிவு பண்ணணும்."

பிறகு அவர் அன்று போட்ட கிராஃபைப் பக்கத்தில் வைத்தார். படுக்கை வாட்டில் 40 நிமிஷம். செங்குத்தாக நாலு ஸ்டேஷன்: செட் 1, செட் 2, செட் 3, செட் 4. ஓடுகிற வண்டி நான். என் கோடு முதல் ஸ்டேஷனில் 19 நிமிஷம் அசையாமல் படுத்துக் கிடந்தது. அப்புறம் பதறிப் போய் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. நாலாவது ஸ்டேஷனுக்கு என் வண்டி போகவே இல்லை.

"நாலாவதுதான் இருக்கறதுலயே லேசு. நீ படிச்சுக்கூடப் பாக்கல."

இரண்டு மாசமாக எனக்குப் புதிர் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். எதைப் போடக் கூடாது என்று தெரியாததுதான் மீதிப் பாதி. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் போடுவதை அதுவரை யாரும் உட்கார்ந்து பார்க்கவே இல்லையே. எல்லாரும் அவரவர் போட்டுத்தான் காட்டினார்கள்.

அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டார். முதல் 5 நிமிஷம் பேனாவைத் தொடக் கூடாது. எல்லா செட்டையும் படி. நிச்சயமான தகவல் எதில் அதிகமோ அதை எடு. "இருக்கலாம்", "அல்லது" எதில் அதிகமோ அதை லூப்பில் போடு. 8 நிமிஷத்தில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை என்றால் இறங்கிவிடு, அழாதே.

புதிர் போடுவதும் வந்தது, மெல்ல மெல்ல. அவரே எழுதிக் கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். பொன்மலை, உறையூர், கே.கே.நகர், ஸ்ரீரங்கம் என்று நாலு ஹாக்கி டீம். ஒவ்வொரு டீமும் மற்ற மூன்று டீமோடும் ஒரு தடவை ஆடுகிறது. ஜெயித்தால் 2 பாயின்ட், டிரா என்றால் ஆளுக்கு 1, தோற்றால் 0. பொன்மலை 5, உறையூர் 4, கே.கே.நகர் 3. ஸ்ரீரங்கம் எவ்வளவு?

"அது குடுக்கலையே சார்" என்றேன்.

"குடுக்க மாட்டான். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வண்டி எங்க இருக்குன்னு எனக்கு யாராவது போன் பண்ணிச் சொன்னாங்களா? கெளம்பின நேரத்தையும் வேகத்தையும் வெச்சு நாந்தான் சொல்லணும். நீ பி.காம். தானே? மொத்தத்தப் புடி."

மொத்தம்! நாலு டீம் என்றால் 6 மேட்ச். யார் ஜெயித்தாலும் டிரா ஆனாலும் மேட்சுக்கு 2 பாயின்ட்தான். ஆக மொத்தம் 12. அந்த மூன்று டீமே 5 + 4 + 3 என்று 12ஐ எடுத்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கு முட்டை, மூன்றிலும் தோல்வி. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆக வேண்டும் என்று மூன்று வருஷம் படித்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"சரி, எத்தனை மேட்ச் டிரா?"

எல்லாரும் ஸ்ரீரங்கத்தை ஜெயித்தாயிற்று, ஆளுக்கு 2ஐக் கழித்தால் மீதி 3, 2, 1. மூன்று பாயின்ட் என்றால் பொன்மலைக்கு ஒரு வெற்றி, ஒரு டிரா. அந்த டிரா உறையூரோடு என்றால், பொன்மலை கே.கே.நகரை ஜெயித்திருக்கும், உறையூரும் கே.கே.நகரும் டிரா. கே.கே.நகரோடு என்றால், பொன்மலை உறையூரை ஜெயித்திருக்கும், உறையூர் கே.கே.நகரை ஜெயித்திருக்கும். முதல் வழியில் 2 டிரா, இரண்டாவதில் 1. எது சரி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

"ரெண்டும் சரி. குடுத்த தகவலுக்கு மேல ஒன்ன நீயா முடிவு பண்ணாத. ரெண்டு கோடா போட்டு வெச்சுக்க. பொன்மலை ஒரு மேட்சாவது தோத்துச்சான்னு கேட்டா?"

"ரெண்டு வழியிலயும் தோக்கல சார்."

"அப்ப எது சரின்னு தெரியாமலே அதுக்குப் பதில் சொல்லலாம்ல? சில கேள்விக்குப் பாதி தெரிஞ்சா போதும். எந்தக் கேள்விக்குப் பாதி போதும்னு பாரு."

அந்த ஏழு தப்பும் எப்படி வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. தெரியாததை நானாகவே நிரப்பியிருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பயம்.

அக்டோபரில் ஒரு நாள் அம்மாவிடம் அந்தப் பத்தாயிரம் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருந்தா போயிப் பேசிப் பாத்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. 8 நிமிஷத்தில் இறங்க வேண்டிய செட்டில் நான் மூன்று மாசம் உட்கார்ந்திருக்கிறேன். அதை மறைக்க தினமும் ஒரு பொய் வேறு. டிசம்பரிலிருந்து மாசத் தவணையில் பாதியை நான் கட்டுகிறேன், ரெண்டு எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு டியூஷன் எடுத்து.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. தேர்வு. 2022லும் 2023லும் இந்தப் பகுதியில் 20 கேள்வி, நாலு செட். அதே கணக்கில்தான் தயாராகியிருந்தேன். திறந்து பார்த்தால் 22 கேள்வி, ஐந்து செட். ஒரு வினாடி வயிறு கலங்கியது. அப்புறம் தோன்றியது, ஸ்டேஷன் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதானே. பேனாவைக் கீழே வைத்தேன். ஐந்தையும் படித்தேன். மூன்றை லூப்பில் போட்டேன். இரண்டை எடுத்தேன், இரண்டையும் முடித்தேன். மீதி நேரத்தில் மூன்றாவது ஒன்றை எட்டிப் பார்த்து, நிரம்பவில்லை என்று விட்டுவிட்டேன். விட்டதில் வருத்தம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ரிசல்ட் வந்தது. இந்தப் பகுதியில் பர்சென்டைல் 90ஐத் தாண்டியது. மூன்றில் இதுதான் அதிகம். இங்கிலீஷ் காலை வாரிவிட்டது, அதனால் எங்கள் ஊர் ஐ.ஐ.எம். உட்பட நான் ஆசைப்பட்ட எதற்கும் அழைப்பு வரவில்லை. அவ்வ்வ்! சினிமா மாதிரி முடிந்திருந்தால் எழுத நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை, என்ன செய்ய. இன்னொரு தடவை எழுதுவேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பொன்மலை போனேன். பர்சென்டைலைச் சொன்னேன். அது அவருக்குப் பெரிதாகப் புரியவில்லை.

"எத்தனை செட்டு விட்ட?"

"மூணு சார்."

"தெரியாம விட்டியா, தெரிஞ்சு விட்டியா?"

"தெரிஞ்சுதான் சார்."

"ம்" என்றார். பீரோவைத் திறந்து இன்னொரு கிராஃப் பேப்பரை எடுத்தார். "இந்தத் தாளையும் கொண்டா. நானும் போட்டுப் பாக்கணும்."

பி.கு: இதற்கு வாத்தியார் தேடுகிறவர்களுக்கு என்னால் முடிந்த ஒரே யோசனை. முதல் கிளாஸில் அவர் எத்தனை புதிர் போட்டுக் காட்டினார் என்று பார்க்காதீர்கள். நீங்கள் போடும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். பணம் கட்டும் முன் ரசீதின் பின்பக்கத்தையும் பாருங்கள் :-)